மூட்டைத் திருடன் வீடியோ

"இந்த ஃபைல் திறக்காது அங்கிள். கரப்ட் ஆயிடுச்சு" என்றாள் ஜஹானாரா.

ஜெயராமன் மேஜைமேல் சாய்ந்து திரையை எட்டிப் பார்த்தார். வெள்ளானூரிலிருந்து குமணன்சாவடியில் இருக்கும் அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வரைக்கும் ஆட்டோவில் சிபியூவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். வழியில் ஆவடியில் கடை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே இருக்கிற ரிப்பேர்க் கடைக்காரர்கள் ஒருத்தரோடும் அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

"இன்னாம்மா இப்டி சொல்ற? நாளைக்குக் காலைல எங்க நகர் சங்கக் கூட்டம். டிவில போட்டு அல்லாருக்கும் காட்டணும்!"

"எப்போலேர்ந்து இப்படி?"

"என் மருமவன் நிர்மல் வந்து புது விண்டோஸ் போட்டான். அதோட எல்லாம் போச்சு. அவன்கூடப் பேசறத நிறுத்திட்டேன்."

"வேற ஃபைல் எல்லாம் திறக்குதா?"

"பேத்தி காதுகுத்து போட்டோகூடத்தான் தொறக்கல. அத்த வுடு. மொதல்ல இத்தப் பாரு."

ஜஹானாரா ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். "அப்படி என்ன வீடியோ அங்கிள்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல ஜெயராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பக்கத்து ஊட்டு ஹேமநாதன். வெள்ளம் வந்த மழையில நாங்க பொண்ணு ஊட்டுக்குப் போய்ட்டோம். என் கேட்டாண்ட அடுக்கி வெச்சிருந்த மணல் மூட்டைய அலேக்காத் தூக்கினு போறாம்மா! கரண்ட் போறதுக்குள்ள என் ஊட்டு கேமராவுல மாட்டிக்கினான். இப்ப அவன் சங்கத் தலைவருக்கு நிக்கிறானாம். மூட்டைத் திருடன் தலைவனா?"

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவனே இன்னாவோ சொல்ல வந்தான். மூஞ்சி மேலயே கேட்டச் சாத்திட்டேன். ஆனா ஆண்டவன் கீறாம்மா. என் மூட்டையத் திருடியும் அவன் ஊட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி. கட்டில், பீரோ எல்லாம் போச்சு."

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது.

"பழைய விண்டோஸ்ல இது முழுசா ஓடுச்சா?"

"கொஞ்ச நேரம் ஓடும். அவன் மூட்டையத் தோள்ல வெச்சிக்கினு நகர்வான். அதோட நின்னுடும்."

"அப்போ டிஸ்க்கே முன்னாடியே அடிபட்டிருக்கு, அதான் போட்டோவும் திறக்கல. பழைய பிளேயர் சமாளிச்சு ஓட்டியிருக்கு, புதுசு ஒத்துக்க மாட்டேங்குது. உங்க மருமகன் மேல தப்பு இல்ல."

"அத்த நீ சொல்லாத. வேலையப் பாரு."

ஒரு சாஃப்ட்வேரை ஓடவிட்டாள். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. ஜெயராமன் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு அங்கிள்!"

மழை தெரிந்தது. கேட் தெரிந்தது. ஹேமநாதன் குனிந்து மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"பாத்தியா! பாத்தியா திருட்டுப் பயல!"

படம் இந்த முறை நிற்கவில்லை.

தோளில் மூட்டையோடு ஹேமநாதன் தன் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜெயராமன் வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். தெருத் தண்ணீர், தரைக்கடியில் குடிதண்ணீர் சேமிக்கும் சம்ப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூட்டையை அதன் வாயோரம் வைத்து அணைகட்டினார். மற்ற மூட்டைகளும் வந்தன. போதவில்லை. இடுப்பில் கை வைத்து யோசித்தார். பிறகு திரையின் ஓரத்தில் தெரிந்த தன் வீட்டு வாசலுக்குப் போய், அங்கே இருந்த மூட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து ஜெயராமன் சம்ப்பைச் சுற்றி அடுக்கினார். மூட்டை போன அவர் வாசலில் தண்ணீர் தாராளமாக உள்ளே நுழைந்தது.

வெள்ளம் வடிந்து வீடு திரும்பியபோது சம்ப்பைச் சுற்றி மூட்டைகளைப் பார்த்தவர்தான் ஜெயராமன். கவுன்சிலர் ஆட்கள் போட்டது என்று நினைத்து, கவுன்சிலருக்குச் சால்வை போட்டுவிட்டு வந்தார். கவுன்சிலரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

"என்ன அங்கிள், இதுவா திருட்டு?"

"கேமரா இருக்கறது அவனுக்குத் தெரியும்மா. வேணும்னே நல்லவன் மாதிரி நடிச்சிகீறான்."

"கட்டில், பீரோவெல்லாம் தண்ணில விட்டுட்டு யாராவது நடிப்பாங்களா?"

ஹேமநாதன் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு திரையைவிட்டுப் போனார். கரண்ட் போய்ப் படம் முடிந்தது.

"முழுசா சரியாயிடுச்சு. பென் டிரைவ்ல போட்டுத் தரேன். நாளைக்குக் கூட்டத்துல தாராளமாக் காட்டுங்க" என்றாள் ஜஹானாரா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஜெயராமன் தொண்டையைச் செருமினார். கடையில் வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யம்மா, மூட்டையத் தோள்ல வெக்கிறான் பாரு, அதோட நின்னுபோற மாதிரி அந்தப் பழைய கோளாறையே போட்டுக் குடுத்துடும்மா."