சங்கிலி எட்டுகிற தூரம்

பேருந்து நிலையத்துச் சுவரில், நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைக்கும் பெட்டி ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்தது. அதற்கு ஒரே பயம். முன்பு அங்கிருந்த பெட்டியை எவனோ தூக்கிப்போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டானாம்.

“என்னைப் பாரு தம்பி,” என்றது பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் டம்ளர். “சங்கிலி போட்டிருக்கு. எவன் தூக்குவான்?”

பெட்டி அழுது அடம்பிடித்துத் தனக்கும் ஒரு சங்கிலி வாங்கிக்கொண்டது. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் எதிர்ப்பக்கம் பூக்காரர் மாசிலாமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்கள் ஓடிவந்து பெட்டியை இழுத்தார்கள். சங்கிலி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

“அண்ணே, எட்டலியே!” என்று அலறியது பெட்டி.

“எதுக்குப் பதறுறே?” என்றது டம்ளர். “தாகம் எடுத்தவன் என்கிட்ட நடந்துதானே வர்றான்? அவரையும் எழுந்து வரச் சொல்லு.”