இரைச்சலுக்கு அடியில்

செயற்கை நுண்ணறிவுத் துறைக்கு உதவிப் பேராசிரியர் எடுக்கும் நேர்காணல் அது. "ஆய்வுக் கட்டுரை ரெண்டுதான் இருக்கு?" என்றார் குழுத் தலைவர் இன்னாசிமுத்து. நேர்காணலுக்கு வந்திருந்த மங்கையர்க்கரசி மடிக்கணினியில் ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டாள். இடிந்து விழுந்த அடுக்குமாடியின் இடுக்கில் மீட்புக் குழுவினர் மைக்கை இறக்கி எடுத்த பதிவு. முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. அவள் எழுதிய நிரல் அதைக் களைந்ததும் ஓர் ஆணின் குரல் மெலிதாக எழுந்தது: "ரெண்டு பேர் இருக்கோம்."

"காப்பாத்திட்டாங்களா?" என்றார் இன்னாசிமுத்து.

"பேசினவரை எடுத்துட்டாங்க சார். அவருக்கு நினைவு திரும்பவேயில்லை. அப்புறம் உள்ள சத்தமில்லைன்னு தோண்டுறதை நிறுத்திட்டாங்க. இந்தப் பதிவு என் கைக்கு வந்து, நான் சுத்தம் பண்ணி முடிக்க ஒரு மாசம் ஆச்சு."

இன்னாசிமுத்து மடிக்கணினியின் பக்கம் குனிந்தார்.

"இப்ப எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"ஒரு மணி நேரம் சார். ஆனா அங்கயே, அப்பவே கேக்கணும். அதுக்குத்தான் ஒரு லேப் வேணும்."

அடுத்தவரை அழைக்க மணியைத் தொட்ட உறுப்பினரின் கையை இன்னாசிமுத்து பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடும்மா" என்றார்.