சிவப்புப் பூசிய அடிபம்பு

ஊருக்கு நடுவே ஓர் அடிபம்பு இருந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர் என்று எல்லோரும் மெச்சியதில் அதற்குத் தலைகால் புரியவில்லை. அதிலும், ஊரில் முக்கால்வாசிப் பேர் தன்னிடம் குனிந்தே வந்து குனிந்தே போவதைப் பார்த்து, "என்ன ஒரு மரியாதை!" என்று பூரித்துப்போகும்.

ஒருநாள், தண்ணீரைச் சோதிக்கும் விஞ்ஞானி அம்மா ஒருவர் வந்து அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். இதில் குடிக்கக்கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம். அடிபம்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் தண்ணிக்கு என்ன குறைச்சல்?" என்று, அவர் தரையில் வைத்திருந்த சோதனை பாட்டிலிடம் பாய்ந்தது.

"ருசிக்கு ஒரு குறையும் இல்லை அண்ணே. ஆனா எலும்பை வளைக்கிற உப்பு உள்ளே இருக்கு. நாலு தடவை உங்க தண்ணியை என்னிலே பிடிச்சுட்டுப் போய்ப் பார்த்தாங்க. 'நாம பார்த்தது தப்பா இருக்கட்டும்'னு ஒவ்வொரு தடவையும் அந்தம்மா வேண்டிக்கிட்டாங்க."

"பொய்! அப்புறம் ஏன் ஜனங்க என் முன்னால இப்படிக் குனியறாங்க?"

"குனியலை அண்ணே. அவங்களால நிமிர முடியலை."

அடிபம்பு தெருவைப் பார்த்தது; தன்னிடம் வராமல் தள்ளிப் போனவர்களும் குனிந்தே போனார்கள்.

மறுநாள், வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஒருத்தி, சிவப்பின் சேதி தெரியாமல் குடத்தை வைத்துக் கைப்பிடியை அழுத்தினாள். யாரையும் வெறுங்குடத்தோடு அனுப்பியறியாத அடிபம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கிக்கொண்டது. அவள் தொங்கியே பார்த்தாள். அது அசையவில்லை.

"துருப்பிடிச்ச சனியன்!" என்று திட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலத்தெரு நல்லதண்ணீர்க் குழாய்க்கு நடந்தாள்.

அவள் முதுகு நேராக இருந்தது. தெரு திரும்பும்வரை அடிபம்பு அதையே பார்த்துக்கொண்டிருந்தது.