குளிர்ந்த குழியில் வெந்த சிப்பி

கழிமுகச் சேற்றில் குளிர்ச்சியான குழி ஒன்றே ஒன்றுதான். செத்து ஆயிரம் வருஷமான சிப்பி அதில் ஜம்மென்று படுத்திருந்தது.

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளிப் படுங்களேன். சூட்டிலே உயிர் போகுது" என்று கெஞ்சியது ஒரு மட்டி.

"இதெல்லாம் ஒரு சூடாடி? எங்க காலத்துத் தண்ணியிலே நண்டு தானா வெந்துடும்!"

மட்டி, பாவம், சுடுசேற்றிலேயே புதைந்துகொண்டது.

மறுநாள் ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா வந்தாள். சிப்பி வாழ்ந்த காலத்துத் தண்ணீரின் சூடு அதன் ஓட்டு வரிகளில் பதிந்திருக்குமாம்; அவற்றை ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சோதித்தாள். "அட, அந்தக் காலத்தில் தண்ணீர் இப்போதைவிட ஜில்லென்று இருந்திருக்கே!" என்று சொல்லி, எடுத்த குழியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மட்டிக்கு ஒரே குஷி. "உங்க ஓடே சொல்லிடுச்சு பெரியப்பா. இப்பவாவது தள்ளுங்க!"

"ஓட்டுக்கு என்னடி தெரியும்? வெந்தது நானாக்கும்!" என்ற சிப்பி, இன்னும் கொஞ்சம் அகலமாகப் படுத்துக்கொண்டது.