நான்காவது ஸ்லாட்

மறைமலைநகர் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ்ஸை இயக்கும் கணினியின் ஸ்லாட்களில் செருகியிருக்கும் கார்டுகளை, கணினி ஓடும்போதே மாற்றலாம். முதலில் திரையில் 'நீக்கு' என்று கொடுக்க வேண்டும். கணினி பிரஸ்ஸை நிறுத்தும். கார்டின் பச்சை விளக்கு அணையும். அதன்பிறகே உருவ வேண்டும். மொத்தம் நாற்பது நொடி.

போன மாசியில், கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வினிதா அந்த நாற்பது நொடி காத்திருக்கவில்லை. கம்பெனி பஸ் கிளம்பும் நேரம். விளக்கு எரியும்போதே நான்காவது ஸ்லாட்டின் கார்டை உருவிவிட்டாள். சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்திருந்த தேசப்பன்மேல் பிரஸ் இறங்கியது. தினமும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்துவைக்கும் மனிதர், அங்கேயே முடிந்துபோனார்.

"வெளக்கு அணைஞ்சப்புறந்தான் சார் எடுத்தேன். அவருதான் அவசரப்பட்டுட்டாரு," என்றாள் விசாரணையில். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இன்று ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் லோகு கூப்பிட்டார்.

"இன்னாம்மா, புதுக் கார்டு அஞ்சாவது ஸ்லாட்லதான கீது? நாலாவதுலயும் ஒண்ணு ஓடிகினு கீதுன்னு காட்டுது. பிரஸ் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது."

நான்காவது ஸ்லாட் காலியாகத்தான் இருந்தது. வினிதா திரையில் 'நீக்கு' என்று கொடுத்தாள். 'விளக்கு அணையும்வரை காத்திருக்கவும்' என்று வந்தது.

அன்று உருவிய பழைய கார்டைத் தூக்கிப்போட மனம் வராமல், செய்தித்தாளில் சுற்றித் தன் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தாள். போய்ப் பிரித்தாள். ஒயர் எதுவும் இல்லை. கார்டு சூடாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது நொடி போனது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது, பிறகு கிளம்பிப் போனது.

வினிதா எழுந்திருக்கவில்லை. விளக்கும் அணையவில்லை.