கழியைத் தொடாத கை

வேல்ஸ் கரையோரக் கடலில் எங்கள் தூண்டில் சங்கத்துப் படகுகள் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன. என் படகிலிருந்து கூப்பிடு தூரத்தில், தங்கள் படகில், நெரிஸும் அவள் புருஷன் இத்வாலும். பக்கவாதம் வந்துபோன பிறகு நெரிஸுக்கு இது முதல் போட்டி. வலது கையில் இன்னும் சரியான பிடிமானம் இல்லை. அவளுடைய தூண்டில் கழி திடீரென்று வில்லாக வளைகிறது. இத்வாலின் கை தானாக நீள்கிறது. மீன் வலைக்குள் வரும்வரை வேறு யாராவது கழியைத் தொட்டால் அது கணக்கில் சேராது.

"தொட்டீங்க, கடல்ல தள்ளிடுவேன்!" என்கிறாள். நீண்ட கை அந்தரத்தில் நிற்கிறது. ஓர் அலை படகைத் தூக்க, அவள் சாய்கிறாள். அவன் பின்னால் மண்டியிட்டு அவளுடைய மிதவைச் சட்டையின் வாரை இறுகப் பற்றிக்கொள்கிறான். கழியைத் தொடையில் ஊன்றி இடது கையால் அவள் சுற்றச் சுற்ற, ரீல் முனகுகிறது. பழுப்பு நிறத் திருக்கை ஒன்று நீருக்குள்ளிருந்து மெல்ல விரிந்து வருகிறது. ஒரு கையை மட்டும் எடுத்து வலையை நீட்டுகிறான்.

"இத்வால், உண்மையச் சொல்லு, தொட்டியா?" என்று கத்துகிறேன்.

"கழியத் தொடலப்பா. இவளத்தான் பிடிச்சிருந்தேன்."

போட்டிக் கணக்குக்கு நீளத்தை அளந்து முடித்ததும் திருக்கையைக் கடலிலேயே விட்டுவிடுகிறாள். வாரை அவன் இன்னும் விடவில்லை.