டயானா எந்த வார்டு?

"இதய வால்வு சுருங்கியிருக்கு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. அப்புறம் எதுக்கு என் வார்டு? நீங்க சேர்த்துக்கங்க!" மேசையைத் தட்டினார் மகப்பேறு மருத்துவர் சாருலதா.

"வயித்துல ஏழு மாசக் குழந்தை இருக்கு மேடம்! என் வார்டுல வலி எடுத்துட்டா நான் என்ன பண்றது? பிரசவம் பார்த்து இருபது வருஷமாச்சு!" இதய மருத்துவர் செபஸ்தியானும் விடவில்லை.

அடையாற்றில் இருந்த அந்த மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராக வந்த முதல் வாரமே குலாம் முகம்மதுவுக்கு இப்படி ஒரு பஞ்சாயத்து. சாந்தோமிலிருந்து யாரோ டாக்டர் அனுப்பிவைத்த பெண், பெயர் டயானா, காலையிலிருந்து கீழே காத்திருக்கிறாளாம். இருவர் கையிலும் அவளுடைய ரிப்போர்ட் இருந்தது. ஆளை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

அறையில் வாயே திறக்காதவள் ஒருத்திதான். கடைசி நாற்காலியை மேசையிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளிப் போட்டு, துப்பட்டாவை அகலமாகப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். இருவரில் யாருடைய உதவி டாக்டரோ என்று நினைத்துக்கொண்டார் குலாம்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவள் நிதானமாக மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "நடுராத்திரில மூச்சு முட்டுச்சுன்னா, நர்ஸ் யாருக்கு சார் போன் போடுவாங்க?"

சாருலதா செபஸ்தியானைக் கை காட்டினார். செபஸ்தியான் சாருலதாவைக் கை காட்டினார். நீட்டிய கைகளை இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சாருலதாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"சரி, விடுங்க" என்றார் செபஸ்தியான். "பிரசவம் வரைக்கும் என் வார்டு, என் பொறுப்பு. எந்த நேரமானாலும் எனக்கே போன் வரட்டும். ஆனா தினமும் காலைல நீங்களும் கூட வந்து பார்க்கணும்."

"வர்றேன். வலி எடுத்த நிமிஷத்துலேர்ந்து என் பொறுப்பு. அப்ப நீங்க லேபர் ரூம் வாசல்ல நிக்கணும்."

"வாசல்ல எதுக்கு? உள்ளயே நிக்கிறேன்."

குலாமுக்கு அப்பாடா என்று இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல நேரத்துல நல்ல கேள்வி கேட்டீங்க டாக்டர். அப்படியே கீழ போய் அந்தப் பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொல்லி, கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்தபடி மெல்ல எழுந்தாள்.

"கீழ யாருமே கூப்பிடல சார், அதான் நானே லிஃப்ட் புடிச்சு வந்துட்டேன். நான்தான் டயானா."